பிள்ளைக் காம்பிராவில் வெளிச்சமும் நிறமும்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தாய்மாருக்கும் பிள்ளைக் காம்பிரா ஆயாம்மாமாருக்கும் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் பேசுவது சம்பளம், கிலோ கணக்கு, அரைப் பேர், சேமலாப நிதி, லயத்துக் கூரை. இன்றைக்குப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு அண்ணன், "இதுவா சங்கத்துக்கு வேலை?" என்று கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்குப் போவோம்.

காலையில் பெரட்டுக்கு ஓடும்போது கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே விடுகிறோம்? பிள்ளைக் காம்பிராவில். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று நல்ல பெயர் இருக்கிறது. பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து வந்து அங்கிருந்து எங்கே கூட்டிப்போகிறோம்? லயத்துக் காம்பிராவுக்கு. பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை அதன் உலகம் இந்த இரண்டு இடமும் இடையில் உள்ள ஒற்றையடிப் பாதையும்தான். 10 அடிக்கு 12 அடி அறை, ஒரு கதவு, இருந்தால் ஒரு ஜன்னல், புகையில் கறுத்த சுவர். வெளியே மலை முழுக்க வெயில் அடிக்கும். உள்ளே பகலிலும் பல்பு போட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போனால் லயத்தின் இருட்டைப் பற்றியும் பேச வேண்டி வரும். அதனால் இது சங்கத்தின் வேலைதான், அண்ணே.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் "அ ஆ எழுதத் தெரியுமா, ஏ பீ சீ சொல்லத் தெரியுமா" என்று கேட்கிறோம். எழுதாவிட்டால் ஆயாம்மா ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று குறை சொல்கிறோம். நாங்கள் படிக்காததைப் பிள்ளையாவது படிக்கட்டும் என்ற ஆசையில் வருவது அது. தப்பில்லை. ஆனால் மூன்று வயது விரலுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கிற பலம் இன்னும் முழுதாக வரவில்லை. அந்த வயதில் மூளை படிப்பது கையாலும் கண்ணாலும்தான். தொட்டு, ஊற்றி, கசக்கி, மறைத்து, திறந்து பார்த்துத்தான். எழுத்து அதற்குப் பின்னால் வரும்.

இலங்கையில் முன்பள்ளி என்றால் ஊருக்கு ஊர் "மொண்டிசோரி" என்று பலகை தொங்கும். அந்தப் பெயர் மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய வைத்தியருடையது. அந்த அம்மா 1907இல் தன் முதலாவது பிள்ளைகள் வீட்டை ஆரம்பித்தது பணக்காரர் தெருவில் அல்ல. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காகத்தான் ஆரம்பித்தார். லயத்துப் பிள்ளைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்த சாமான்களில் ஒன்று நிறப் பலகைகள். ஒரே நிறத்தின் கடும் சாயல் முதல் வெளிர் சாயல் வரை பிள்ளை தானே வரிசைப்படுத்தும். பிற்பாடு 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பெயரைப் போட்டுக் காசு வாங்குகிற இடங்களைப் பார்க்கும்போது, அந்த அம்மா யாருக்காகத் தொடங்கினார் என்பதை நாங்களாவது ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

நிறப் பலகை வாங்கக் காசு எங்கே என்று கேட்காதீர்கள். தேயிலை மலை முழுக்க நிறப் பலகைதான். கொழுந்து எடுக்கிற தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை: அரும்பு ஒரு பச்சை, அதற்குக் கீழே இரண்டு இலை வேறொரு பச்சை, முத்தல் இலை கரும்பச்சை. பனி மூடிய காலையில்கூட ஒரு நொடியில் எது எடுக்கிற கொழுந்து, எது விடுகிற இலை என்று உங்கள் கண் பிரித்துவிடுகிறது. அவ்வளவு பழகிய கண் இது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பேன்" என்று சொல்லாதீர்கள். வரும் வழியில் பத்து இலை பொறுக்கி வாருங்கள்: பலா, கொய்யா, தேயிலை, கல்யாண முருங்கை, புல். பிள்ளையிடம் கொடுத்து, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அடுக்கச் சொல்லுங்கள். எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு இலை வரும். அந்த இலையைப் பிடித்துக்கொண்டு அது யோசிக்கும் நேரம்தான் படிப்பு.

சரி, முதல் விளையாட்டு லயத்திலேயே இருக்கிறது.

தகரக் கூரையில் ஆணி ஓட்டை இருந்தால் மழை வந்தால் சட்டி வைக்கிறோம். வெயில் வந்தால் அதே ஓட்டையால் தரையில் ஒரு வட்டப் பொட்டு விழும். ஓட்டை சதுரமாகவோ கிழிந்தோ இருந்தாலும் பொட்டு வட்டமாகத்தான் விழும். கவனித்திருக்கிறீர்களா? ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். சூரியனே தரையில் வந்து விழுந்திருக்கிறது. ஓட்டை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தால் அந்தப் படம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணப் பக்கம் வளையமாகத் தெரிந்தது. மலையகத்தில் பெரும்பகுதி மறைந்தது. அன்றைக்கு வெயில் விழுந்த இடங்களில், மர இலை இடுக்கால் வந்த பொட்டெல்லாம் பிறை பிறையாகத் தரையில் கிடந்திருக்கும். இந்த ஓட்டை விளையாட்டை ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் என்ற அறிஞர் இருட்டறையில் ஆராய்ந்திருக்கிறார். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போய்ப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து வெளிச்சம் கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று விளக்கியவர் அவர். இன்றைய கமராவுக்கும் அடிப்படை அந்த ஓட்டைதான்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அது பொட்டைப் பிடிக்கப் போகும், பொட்டு அதன் கை மேல் ஏறிவிடும், சிரிக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு கரித்துண்டு கொடுங்கள். பொட்டைச் சுற்றி ஒரு கோடு போடட்டும். ஒரு தேத்தண்ணி குடித்து முடித்து வந்து பார்த்தால் பொட்டு கோட்டை விட்டு நகர்ந்திருக்கும். "யாரு தள்ளினது?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதில் என்னவாக இருந்தாலும் திருத்தாதீர்கள். திரும்ப ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுதும் கோடு போட்டால் தரையில் ஒரு மணிக்கூடு வந்துவிடும்.

கூரையில் ஓட்டை இல்லாத நல்ல வீடு என்றால் சந்தோஷம். ஒரு அட்டைப் பெட்டியில் ஆணியால் ஓட்டை போட்டு இதைச் செய்யலாம்.

நிழல் விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்தது. கரண்டு போன இரவில் குப்பி லாம்புக்கு முன்னால் கையை வைத்து மானும் முயலும் காட்டாத தாத்தா உண்டா? இப்போது டோச் இருக்கிறது. கையைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் சிறுக்கும், டோச்சுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் நிழல் சுவரையே மூடும். பிள்ளை இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு நீங்கள் காட்டிவிடாதீர்கள். பகலில் என்றால் பிள்ளைக் காம்பிரா வாசலில் ஒரு கம்பை நட்டு, காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் சித்திரைப் பிறப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பும், பிறகு செப்டம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் மத்தியானம் 12 மணி தாண்டிப் பத்து நிமிடமளவில் அந்தக் கம்புக்கு நிழலே இராது. "என் நெழலு எங்க போச்சு ஆயாம்மா?" என்று பிள்ளை கேட்டால், "நீயே தேடிப் பாரு, எதுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். அது தன் காலைத் தூக்கிப் பார்க்கும்.

இனி நிறத்துக்கு வருவோம். இதில் எங்கள் குசினிக்கு இணை இல்லை.

ஆலாத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறது அல்லவா? மஞ்சளில் உள்ள சாயம் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும். பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. உடுப்புக் கழுவும் கட்டிச் சவர்க்காரம் போதும். ஒரு வெள்ளைக் கடதாசியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் காயப்போடுங்கள். காய்ந்தபின் ஈர்க்கில் நுனியில் பஞ்சு சுற்றி, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துப் பிள்ளையைக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீரால் எழுதினால் சிவப்பாக வருகிறது! பிறகு அதே கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. சிவப்புப் போய்விடும். பத்துத் தரம் செய்தாலும் பிள்ளைக்கு அலுக்காது. கடதாசி கிழியும்வரை செய்யும்.

அடுத்தது தேத்தண்ணி. சாயத் தண்ணியை இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுத்துப் பொன்னிறமாகும். மற்றதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் கறுத்துப் போகும். ஒரே போத்தல் சாயம், மூன்று நிறம். இதைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம், பார்க்க மட்டும். இன்னொன்று: வீட்டுப் பக்கத்தில் உள்ள செடியில் நான்கு கொழுந்து கிள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் கொடுத்து நன்றாகக் கசக்கச் சொல்லி ஒரு தட்டில் வையுங்கள். (நாலு கொழுந்துக்குத் தொரை கணக்குக் கேட்கமாட்டார் என்று நம்புவோம்.) மத்தியானத்துக்குள் பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறியிருக்கும், வாசமும் மாறியிருக்கும். பெக்டரியில் ரோலரில் நசுக்கி வைத்தால் நடப்பதும் இதுதான். காற்று பட்டுக் கொழுந்து நிறம் மாறுகிறது. அதன்பிறகு சூடு காட்டினால் கறுப்புத் தேயிலை. எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் அம்மா கூடையில் கொண்டுபோகும் பச்சை இலைதான் கடைப் பெட்டியில் உள்ள கறுப்புத் தூள் என்று தெரியாது. அம்மாவின் வேலை என்ன என்பதை இந்த விளையாட்டில் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

மருந்து அடித்த மலையில் பறித்த இலை மட்டும் கூடாது. மருந்து வந்த வெற்றுப் போத்தல், கலன் எதுவும் எந்த விளையாட்டுக்கும் கூடாது. எத்தனை தரம் கழுவியிருந்தாலும் கூடாது. நல்ல நிறமாக, மூடியோடு இருக்கிறது என்று தண்ணீர் அள்ள வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

வானவில்லுக்கு மழைக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை. பின்னேர வெயிலில் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, வாயில் தண்ணீரை வைத்து 'பூ' என்று ஊதினால் முன்னால் ஒரு சின்ன வானவில் வந்து மறையும். பிள்ளைகள் நனைந்து கூத்தடிப்பார்கள், நனையட்டும். வானத்தில் வரும் வானவில்லும் இப்படித்தான், எப்போதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கத்தில்தான் வரும். காலையில் மேற்கே, பின்னேரம் கிழக்கே. உச்சி வெயில் நேரத்தில் வானத்தில் வானவில் தேடிப் பிரயோசனமில்லை, சூரியன் உயரத்தில் இருப்பதால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். இதையே வீட்டுக்குள் செய்ய ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, அதில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெயிலில் பிடியுங்கள். எதிர்ச் சுவரில் ஏழு நிறமும் விழும். 1660களில் இங்கிலாந்தில் நியூட்டன் ஜன்னல் பலகையில் ஒரு ஓட்டை போட்டு, அதால் வந்த வெயிலைக் கண்ணாடிப் பட்டகத்தில் விட்டுப் பார்த்துத்தான் வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கின்றன என்று நிரூபித்தார். அவருக்கும் ஓட்டைதான் வேண்டியிருந்தது, பாருங்கள்.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் செய்யலாம். போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, விரல் நுனியால் மிகச் சின்னத் தண்ணீர்ப் பொட்டு ஒன்றை வையுங்கள். பொட்டுக்குள் பூதக்கண்ணாடி மாதிரிப் பெரிதாகிச் சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளி புள்ளியாகத் தெரியும். வெள்ளை என்று நாங்கள் பார்ப்பது அந்த மூன்று நிறமும் சேர்ந்ததுதான். போனைக் கொடுத்து வீடியோ பார்க்கவிட்டுப் பிள்ளையை உட்கார வைப்பதற்குப் பதிலாக, போனையே இப்படி ஒரு விளையாட்டுச் சாமானாக்கலாம்.

வெசாக் முடிந்ததும் கிழிந்த கூடுகளிலிருந்து சிவப்பு, நீல, மஞ்சள் கண்ணாடிக் கடதாசித் துண்டுகளை எடுத்து வையுங்கள், டொபித் தாளும் நல்லது. சிவப்புத் தாளைக் கண்ணில் பிடித்துக்கொண்டு வெள்ளைக் கடதாசியில் சிவப்பு பென்சிலால் வரைந்த பூவைப் பார்த்தால் பூ கிட்டத்தட்டக் காணாமல் போகும். எடுத்தால் திரும்ப வரும்.

கடைசி விளையாட்டு வானத்தின் நீலம். வெள்ளைப் போத்தலில் தண்ணீர் நிரப்பி ஒரு சிட்டிகை பால்மா கரைத்து, இருட்டில் ஒரு பக்கத்தால் டோச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் நீலம் பூசினமாதிரி இருக்கும். டோச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக, சிவப்பாகத் தெரியும். பகல் வானமும் அந்திச் சூரியனும் ஒரே போத்தலுக்குள்! சிறு துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, சிவப்பு அவ்வளவாகச் சிதறாமல் நேரே வந்துவிடுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1921இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது என்று கேட்டார். வானத்தின் சாயல் விழுவதால்தான் என்று அதுவரை சொல்லிவந்த பதில் அவருக்குப் போதவில்லை. அந்த ஆராய்ச்சி 1928இல் பெரிய கண்டுபிடிப்பில் போய் நின்றது, 1930இல் நோபல் பரிசும் வந்தது. ஒரு பிள்ளை கேட்கிற கேள்வியைத்தான் அவர் வளர்ந்தபின்னும் விடாமல் கேட்டார்.

லயத்தில் அடுப்பு எரியும்போது கதவிடுக்கால் வெயில் கற்றை ஒன்று உள்ளே வந்தால், அதில் விறகுப் புகை நீலமாகச் சுருண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே காரணம்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நீலத் துகள்தான் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. இருமல், இழுப்பு எல்லாம் அதால் கூடுகிறது. வெயில் கற்றையில் புகையைக் காட்டினால் வீட்டுக்காரருக்கும் புரியும், புகைபோக்கி ஏன் கேட்கிறோம் என்று.

இவற்றையெல்லாம் செய்யும்போது ஆயாம்மாமார் ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும். செய்யும் முன்னால் "என்ன ஆகும்னு நெனைக்கிற தங்கம்?" என்று கேளுங்கள். செய்தபின் "நீ சொன்ன மாதிரி ஆச்சா?" என்று கேளுங்கள். அவ்வளவுதான். விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஒளிச்சிதறல் என்ற சொல் மூன்று வயதுக்கு எதற்கு? நாங்கள் இங்கே பெயர், வருடம் எல்லாம் சொன்னது பெரியவர்களுக்காக. பிள்ளை தன் பேச்சில், லயத்துப் பேச்சில் சொல்லட்டும். "மஞ்ச வெக்கப்பட்டுச் செவந்துருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைவிட நல்ல விடை உங்களிடம் இருக்கிறதா?

இந்த விளையாட்டுகளில் பிள்ளையின் கண்ணையும் கவனிக்கலாம். ஆண்பிள்ளைகளில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பெண்பிள்ளைகளில் இது மிகக் குறைவு. அப்படிப் பிள்ளை நிறத்தை மாற்றி மாற்றிச் சொன்னால் மக்கு என்று திட்டவோ அடிக்கவோ வேண்டாம். அவன் பார்ப்பதைத்தான் சொல்கிறான். பள்ளிக்கூடம் போகும்போது டீச்சரிடம் சொல்லிவையுங்கள். எதையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிற பிள்ளை, அந்தி நேரத்தில் தடுமாறுகிற பிள்ளை, மாறுகண் பிள்ளை, இவர்களை ஆஸ்பத்திரிக்குக் காட்டவேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம்: போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பிள்ளையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். சிலவேளை ஒன்றுமில்லாமல் இருக்கலாம், சிலவேளை கண்ணுக்குள் புற்றுநோயாக இருக்கலாம். சீக்கிரம் போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வழி உண்டு. அரைப் பேர் போனால் போகட்டும். தினமும் வெளி வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்றும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதனால் பிள்ளைக் காம்பிராவில் கதவைப் பூட்டி எல்லாரையும் நாள் முழுதும் பாயில் படுக்க வைப்பது நல்ல பராமரிப்பு அல்ல. ஒரு ஆயாம்மா தனியாக இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். சரிதான், அதையும் கேட்கத்தான் போகிறோம்.

சூரியனை நேரே பார்க்கவிடக்கூடாது. கண்ணாடி வெளிச்சத்தை இன்னொருவர் கண்ணில் அடிக்கவிடக்கூடாது. கடையில் விற்கும் சிவப்புப் பொட்டு லேசர் வேண்டவே வேண்டாம். தண்ணீர்ப் பேசினை வைத்துவிட்டு ஆள் அப்பால் போகக்கூடாது. சின்னப் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆபத்து.

இனி நாங்கள் நிர்வாகத்திடம் கேட்பவை. பிள்ளைக் காம்பிராக்களின் கூரையில் வெளிச்சம் புகும் தகடு, ஒரு காம்பிராவுக்குக் குறைந்தது இரண்டு. திறந்து மூடக்கூடிய ஜன்னல். வேலியடைத்த, வெயில் விழும் முற்றம். பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ற ஆயாம்மாமார், அவர்களுக்குப் பயிற்சி நாளிலும் முழுப் பேர். லயங்களுக்குப் புகைபோக்கி. வீடமைப்புத் திட்டம் வரும், காணி உறுதி வரும் என்று கேட்டுக்கொண்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வருகிறவரை இருட்டில் இரு என்று பிள்ளையிடம் சொல்லமுடியாது.

இதைச் சொல்லும்போது பிரேசில் நாட்டு அல்பிரெடோ மோசரின் கதையையும் சொல்லவேண்டும். அவர் ஒரு மெக்கானிக். 2002இல் அடிக்கடி கரண்டு போன காலத்தில் 2 லீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் வெளுக்கும் திரவம் விட்டு, மூடி, கூரையில் வட்டமாக வெட்டிப் பாதி வெளியே பாதி உள்ளே நிற்க ஒட்டிவைத்தார். வெறும் ஓட்டையால் வரும் வெயில் ஒரே பொட்டாக விழும், போத்தல் தண்ணீர் அதே வெயிலை வளைத்து அறை முழுக்கப் பரப்பும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவு வெளிச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2011 முதல் பிலிப்பைன்ஸ் சேரிகளில் இது ஆயிரக்கணக்கில் பரவியது. லயத்துக் கூரையில் கை வைப்பதற்கு நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவேண்டும் என்பது எங்கள் தலைவிதி. ஆகவே சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டுத்தான் செய்வோம். அஸ்பெஸ்டஸ் சீட் கூரையை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூள் நெஞ்சுக்கு நஞ்சு. தகரக் கூரைக்கு மட்டும்தான் இது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டக் கூரை வேண்டாம். ஒரு பெரிய அட்டைப் பெட்டி, மேலே போத்தல் கழுத்து நுழைய ஒரு ஓட்டை, பக்கத்தில் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. முதலில் போத்தல் இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு போத்தலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஒரு பொம்மை வீடும் வைத்திருக்கிறோம்.

பேச்சு போதும். பெட்டி அங்கே மேசையில் இருக்கிறது, மஞ்சள் கடதாசியும் காய்ந்துவிட்டது. ஆயாம்மா, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். தகப்பன்மார் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் முன்னால் வரட்டும். டோச் யாரிடம் இருக்கிறது?